பெருமாள் மேல் போட்ட பழி

நான் போட்டுக் கொடுத்த திட்டம் தப்பு. பழியைப் பெருமாள் மேல் போட்டேன். ருத்ரப்பிரயாகையிலிருந்து போன் செய்த பெரியவரிடம், “பத்ரிக்கெல்லாம் அவரா கூப்பிட்டாத்தான் சார் போக முடியும். இந்தத் தடவை கூப்பிடலை போலிருக்கு” என்றேன். அவர் அதை அப்படியே பக்கத்திலிருந்த மாமியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. மாமி நம்பிவிட்டார். நம்புவார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

திருச்சியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். கடை வாசலில் ‘இலவச ஆலோசனை’ என்று போர்டு மாட்டியிருந்தேன். எங்கே போகலாம், எப்போது போகலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று யார் வந்து கேட்டாலும் காபி வாங்கிக் கொடுத்து மணிக்கணக்கில் பேசுவேன். பேசியதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை. அதைப் பெருந்தன்மை என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாலே பிழைப்பு ஓடியது. விமான கம்பெனிகள் டிக்கெட்டுக்கு இத்தனை சதவீதம் என்று கமிஷன் கொடுத்தன. அது தேய்ந்துகொண்டே வந்து, 2008 கடைசியில் பல கம்பெனிகள் அறவே நிறுத்திவிட்டன. ரயில் டிக்கெட்டை 2002 முதலே ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் விற்க ஆரம்பித்திருந்தது. அப்புறம் எங்களுக்கு மிஞ்சியது பேக்கேஜ். ஹரித்வாரிலோ ஸ்ரீநகரிலோ இருக்கும் ஆபரேட்டர் ஒரு நெட் ரேட் சொல்வார். அதன் மேல் நம் மார்க்-அப்பை வைத்து இங்கே விற்க வேண்டும். நெட் ரேட் எவ்வளவு என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் தொழில்.

பீஸ் வாங்காத டாக்டர் கீழே மருந்துக்கடையும் வைத்திருந்தால் சீட்டு எப்படி எழுதுவார்? நானும் அப்படித்தான் எழுதினேன். சுவிட்சர்லாந்தில் ஒரே ஊரில் தங்கி அக்கம்பக்கம் மட்டும் சுற்றப்போகிற குடும்பத்துக்கு, தனித்தனி டிக்கெட்டே மலிவு என்று தெரிந்தும், நாடு முழுக்கச் செல்லுகிற ரயில் பாஸைத் தலையில் கட்டினேன். பாஸில் எனக்குக் காசு இருந்தது, தனி டிக்கெட்டில் இல்லை. லே விமான நிலையமே 3,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இறங்கியதும் இரண்டு நாள் அசையாமல் கிடக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றை வெட்டி, விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறேன். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே தொடர்ந்து செய்தேன்.

எல்லாவற்றையும் விட ஒன்று உண்டு. ‘இப்போது போகாதீர்கள்’ என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆள் போனால்தான் எனக்கு வருமானம். போகாதே என்று சொல்வதற்கு யார் காசு தருவார்கள்?

ருத்ரப்பிரயாகையிலிருந்து போன் செய்த அந்தப் பெரியவரும் மாமியும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். சார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாமிக்கு முட்டிவலி. நூற்றெட்டு திவ்யதேசங்களில் வடக்கே மிச்சம் இருப்பவற்றை உடம்பு தாங்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது மாமியின் ஆசை. “நாலு தாமும் வேண்டாம்ப்பா. பத்ரி ஒண்ணு போறும். முட்டி வேற படுத்தறது” என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். ஒரு வாடிக்கையாளர் இதைவிடத் தெளிவாகத் தன் தேவையைச் சொல்ல முடியாது.

“அவ்வளவு தூரம் போயிட்டுக் கேதாரம் பார்க்காம வருவாங்களா மாமி?” என்று கேட்டேன். திருநாமம் இட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கேதாரநாத்தை விற்ற ஆள் நான். தேவாரம் பாடுகிற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கேதாரம்தான் முதல், அது பாடல் பெற்ற தலம். இவர்களுக்கு அப்படியில்லை. ஆனால் ஹரித்வார் ஆபரேட்டரிடம் நான்கு தாமும் சேர்ந்த ஒன்பது ராத்திரி பத்து நாள் பேக்கேஜ்தான் இருந்தது. ஜூன் கடைசிக்கு இடம் காலியாகக் கிடந்ததால் நெட் ரேட்டை இறக்கியிருந்தார். ரேட் இறங்க இறங்க என் பங்கு ஏறும்.

ஜூன் கடைசி என்றால் அந்த மலையில் மழை இறங்குகிற நேரம். 2013 ஜூன் நடுவில்தான் கேதாரத்தில் அந்த வெள்ளம் வந்தது. அந்த மாதத்தின் பெயரைச் சொன்னாலே கையை எடுத்துவிட்டு யோசிக்க வேண்டியவன் நான். செப்டம்பர் கடைசியில் போனால் மழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும், கூட்டமும் குறைவு. அதைச் சொல்லவில்லை.

நான்கு தாம் யாத்திரை மேற்கிலிருந்து கிழக்கே போகும். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதாரம், கடைசியில் பத்ரி. மாமி கேட்ட ஒரே ஊர் வரிசையின் வாலில் இருந்தது. முன்னால் எங்கே தடங்கல் வந்தாலும் அடிபடப்போவது பத்ரிதான். இது எனக்குத் தெரியும். அதனால் நடுவில் ஒரு நாளாவது சும்மா விட்டு வைப்பதுதான் மலைப் பயணத்தில் திட்டம் போடுகிறவனின் முதல் வேலை. மண் சரிந்து பாதை அடைபடும், மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் எழும்பாது, இரவில் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். சும்மா இருக்கும் அந்த ஒரு நாளுக்கும் அறை வாடகை உண்டு, வண்டி வாடகை உண்டு. அதைச் சேர்த்தால் பக்கத்துக் கடையை விட என் விலை ஏறித் தெரியும். எடுத்துவிட்டேன். திரும்பும் விமான டிக்கெட்டையும், தேதி மாற்றினால் காசு போய்விடுகிற மலிவு ரகத்தில் போட்டேன்.

ஜான்கி சட்டியிலிருந்து யமுனோத்ரிக்கு ஆறு கிலோமீட்டர் போல ஏற்றம். மாமியை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கங்கோத்ரி ஆயிற்று. கேதாரம் 3,583 மீட்டர் உயரம், கௌரிகுண்டிலிருந்து நடந்தால் பதினாறு கிலோமீட்டர். இவர்களுக்கு ஹெலிகாப்டர் போட்டிருந்தேன். மலையடிவாரத்தில் இரண்டு நாள் காத்திருந்தார்கள். வானம் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ருத்ரப்பிரயாகைக்கு இறங்கி வந்தார்கள். கேதாரத்திலிருந்து வரும் மந்தாகினியும் பத்ரியிலிருந்து வரும் அலகநந்தாவும் அங்கேதான் கூடுகின்றன. ஒரு பக்கம் போனால் பத்ரி, மறுபக்கம் ரிஷிகேஷ். அங்கிருந்துதான் சார் கூப்பிட்டார். “தம்பி, இங்கேர்ந்து பத்ரி எவ்வளவு தூரம்?”

நூற்றைம்பது கிலோமீட்டருக்குமேல். போக ஒரு நாள், வர ஒரு நாள். விமானம் மறுநாள் டில்லியிலிருந்து. வேறு டிக்கெட் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லிவிட்டால், பழைய டிக்கெட்டில் ஏன் காசு திரும்ப வராது, ஏன் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி வருவதற்குள் பெருமாளை இழுத்தேன்.

கீழே வரும் வழியில் தேவப்பிரயாகை. அலகநந்தாவும் பாகீரதியும் கூடி கங்கையாகிற இடம், கண்டமென்னும் கடிநகர் என்கிற திவ்யதேசம். மாமி வண்டியை நிறுத்தச் சொன்னாராம். டிரைவர் ஆபரேட்டருக்குப் போன் போட, சீட்டில் இந்தக் கோவில் இல்லை, இருட்டுவதற்குள் ஹரித்வார் சேரு என்று பதில் வந்ததாம். சீட்டை எழுதியவன் நான். மாமி ஓடுகிற வண்டியிலிருந்தபடியே கும்பிட்டுக்கொண்டார் என்று சார் பிறகு சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஊர்க்கதை போலச் சொன்னார். “உன் மேல என்னப்பா தப்பு, மழைக்கு யார் என்ன செய்ய முடியும்” என்று எனக்கே ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். ஹெலிகாப்டர் காசு திரும்பி வந்தது, கொடுத்துவிட்டேன். பத்ரியில் அவர்கள் தங்காத அறைக்கு நான் வைத்த மார்க்-அப் என்னிடமே இருந்தது. அதைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஒழுங்காகப் போட்டிருந்தால் எப்படிப் போட்டிருப்பேன் என்பதை அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆனது. செப்டம்பர் கடைசி. டேராடூனுக்கு விமானம், ரிஷிகேஷில் ஓர் இரவு. காலையில் கிளம்பி தேவப்பிரயாகையில் நிதானமாக இறங்கி ரகுநாதர் தரிசனம். அங்கே படி ஏற வேண்டும், மாமிக்குக் கைபிடிக்க ஓர் உள்ளூர் ஆள். அன்று இரவு ருத்ரப்பிரயாகை, அடுத்த இரவு பீப்பல்கோட்டி. ஜோஷிமடத்தில் 2023 ஜனவரியில் நிலம் புதைந்து கட்டடங்கள் விரிசல் விட்டதிலிருந்து அங்கே தங்கச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் திருப்பிரிதி என்கிற திவ்யதேசம், அதனால் வழியில் தரிசனம். 2,500 மீட்டருக்குமேல் யாருக்கும் தலை சுற்றலாம் என்பதால் படிப்படியாக ஏற்றி, பத்ரியில் இரண்டு இரவு. பத்ரி ஊர்வரை கார் போகும், டோலியும் வேண்டாம் ஹெலிகாப்டரும் வேண்டாம். திரும்பும்போது ஒரு நாள் சும்மா. மூன்று திவ்யதேசமும் முடிந்துவிடும். செலவு நான் விற்றதை விடக் குறைவு. என் பங்கு அதில் கால்வாசிகூடத் தேறாது.

அந்த அரை மணி நேரத்து யோசனைக்குத்தான் நான் காசு கேட்டிருக்க வேண்டும். வக்கீலிடம் கேட்டால் பீஸ், ஆடிட்டரிடம் கேட்டால் பீஸ். டிராவல்ஸ்காரனிடம் மட்டும் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் புலம்புவோம். கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. போர்டிலிருந்த ‘இலவச’த்தை அழித்துவிட்டு, திட்டம் போட இவ்வளவு என்று தொகை எழுதி மாட்டினேன். முதலில் வந்தவர் போர்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “அது மத்தவங்களுக்கு சார், உங்களுக்கா?” என்று சொல்லி உட்கார வைத்தேன். அதிலிருந்து போர்டு இருக்கிறது, வசூல்தான் இல்லை.

போன வருஷம் சாரும் மாமியும் மறுபடி வந்தார்கள். வேறு கடைக்குப் போகாமல் என்னிடமே வந்தார்கள். “இப்ப கூப்பிடறார்னு நெனைக்கிறேன்” என்றார் மாமி. எழுதி வைத்திருந்த திட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். சார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். “போன தடவை இதையே போட்டிருக்கலாமேப்பா?” என்று கேட்டார். மழை, சீசன் என்று ஏதோ சொன்னேன். உண்மையைச் சொல்ல நல்ல இடம் அதுதான், விட்டுவிட்டேன். அவர் வாசல் போர்டைக் காட்டி, “இதுக்குத் தனியா எவ்வளவு தரணும்?” என்று கேட்டார். அவராகவே கேட்டார்.

“உங்ககிட்டயா சார் வாங்குவேன்” என்றேன்.

போய் வந்தார்கள், மூன்றும் பார்த்தார்கள். பீஸை ரிஷிகேஷ் ஓட்டல் வாடகையில் கொஞ்சம், பீப்பல்கோட்டி அறையில் கொஞ்சம், பத்ரி அறையில் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டேன். மொத்தம் கூட்டினால் போர்டில் எழுதியிருக்கும் தொகையை விட அதிகம்.