மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கிய கதை

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடைவீதிக்குச் செல்லும் துணிவு யாவர்க்கும் வாய்ப்பதன்று. பொம்மைக் கடை முன் தரையில் புரண்டு அழும் பிள்ளை எவர் வீட்டில்தான் இல்லை? ஆயினும், சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மட்டாஞ்சேரியில் நாம் அடைந்த நாணம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. பிழை பிள்ளைகளுடையதாக இல்லாமற் போயிற்று.

எறணாகுளத்தில் இரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு, பொங்கல் நெருங்கினாலே ஊரிலிருந்து ஓலை வந்துவிடும். "வரும்போது நல்ல மிளகும் ஏலமும் வாங்கி வா" என்பதே அதன் சாரம். மிளகென்றால் மட்டாஞ்சேரிதான். 2025 அக்டோபரில் அங்கே நீர் மெட்ரோ படகுத்துறை திறக்கப்பட்டபின் பயணமும் எளிதாகிவிட்டது. ஆகவே இல்லாளுடனும், எட்டு வயது மகளுடனும், நான்கு வயது மகனுடனும் படகேறினோம்.

படகிலேயே ஓர் ஆணை பிறப்பித்தோம்: "கடையில் ஒருவரும் தமிழ் பேசக்கூடாது. அயலூரார் என்று தெரிந்தால் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டிவிடுவார்கள்." அலுவலக நண்பர் ஒருவர் உபதேசித்த தந்திரம் இது.

கரையேறியதும் அரண்மனை. 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது. 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றுவிட்டது. அருகே யூதர் தெருவில் 1568-இல் எழுந்த தொழுகைக்கூடமும், 1760-இல் கட்டிய மணிக்கூண்டும் உள்ளன. கடிகாரத்தின் ஒரு முகத்தில் எபிரேய எழுத்து, இன்னொரு முகத்தில் ரோமன் எண். "ஏன் அப்பா வேறு வேறு எழுத்து?" என்றாள் மகள். நாமோ பெருமிதத்துடன் விரிவுரையே ஆற்றினோம்: "இவ்வூரில் கொங்கணியர், குஜராத்தியர், கட்சியர் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக அவரவர் மொழியோடு வாழ்கிறார்கள். பக்கத்து வேளியில் துணி வெளுக்கும் வண்ணார்கள் நம் தமிழர்களே. டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்பர்." படகில் இட்ட ஆணை அப்போது நம் நினைவுக்கு வரவில்லை.

கடையில் மிளகும் சுக்கும் சாதிபத்திரியும் மூட்டை மூட்டையாக வாய் திறந்து நின்றன. நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிளகினு கிலோ எத்ரயா சேட்டா?" என்றோம். பேரம் நன்றாகவே நடந்தது. பத்து ரூபாய் இறங்கியும் விட்டது. அவ்வேளையில் சுக்குத் தூள் மூக்கிலேறிப் பெருந்தும்மல் ஒன்று போட்ட மகன், கடை முழுதும் கேட்கக் கூவினான்:

"அப்பா, ஒண்ணுக்கு வருது! இப்பத் தமிழ் பேசலாமா?"

அங்கிருந்த எல்லோரும் திரும்பினர். மகளோ தம்பியின் வாயைப் பொத்தி, "பேசினால் இருபது ரூபாய் கூடும்டா!" என்று மேலும் விளக்கினாள். இல்லாள் ஏலக்காயை ஆராயத் தொடங்கினாள். நமக்கு ஆராய ஒன்றும் அகப்படவில்லை.

முதியவரான கடைக்காரர் எழுந்து, "வா தம்பி" என்று தமிழிலேயே சொல்லி, பையனைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். திரும்பி வந்தவர், "பொள்ளாச்சிச் சந்தைக்கு முப்பது வருடம் போய் வந்தவன் சார் நான். தமிழுக்கு ஒரு விலை, மலையாளத்துக்கு ஒரு விலை இங்கே கிடையாது" என்று சிரித்தார். சொன்ன விலைக்கே நிறுத்துக் கொடுத்தார். பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கற்கண்டும் வைத்தார். கோபித்துக்கொண்டிருந்தால் நமக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

திரும்பும் படகில் மகள் வெகுநேரம் நீரையே பார்த்திருந்தாள். பின்பு மெல்லச் சொன்னாள்: "அப்பா, பள்ளிக்கூட வாசலில் அம்மா தமிழில் கூப்பிட்டால் நானும் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். 'பாண்டி' என்று சொல்லுவார்கள்."

ஓராண்டாகத் தன் குரல் அவளுக்கு எட்டவில்லை என்றே இல்லாள் எண்ணியிருந்தாள். நமக்கு வாயில் சொல் வரவில்லை. கடிந்துகொள்ளும் தகுதியை அன்று காலையிலேயே இருபது ரூபாய்க்கு விற்றிருந்தோம்.

இல்லாள்தான் அவளை அருகிழுத்து, "பள்ளி திறந்ததும் பார், ஊர் கேட்கக் கூப்பிடுகிறேன்" என்றாள்.

மகள் சற்று யோசித்தாள். "கூப்பிடு அம்மா. ஆனால் முதல் நாள் மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடு" என்றாள்.