தடுத்தவர் கணக்கு எங்கே?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

எங்கள் வீட்டில் எனக்கும் தாத்தாவுக்கும் சண்டை என்று வந்தால் அது பெரும்பாலும் பந்தைப் பற்றியதாகவே இருக்கும். தாத்தா தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர். முத்துக்குளிப்பு நின்றபின் சங்கு குளித்தார். மூச்சு தளர்ந்தபின் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். இவற்றுக்கு நடுவே, மாலை வேளைகளில் கடற்கரை மணலில் இரண்டு துடுப்புகளை நட்டு, அவற்றுக்கிடையே வெறுங்காலோடு நின்று கோல் காத்தார். இன்றைக்கும் தெருவில் சிறுவர்கள் பந்து உதைத்தால், திண்ணையில் இருந்தபடியே, “கோலிய முன்னால வரச் சொல்லுலே!” என்று சத்தம் போடுவார்.

2024-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் இரவு. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் இந்தியாவும் குவைத்தும் மோதின. சுனில் சேத்ரி நாட்டுக்காக ஆடிய அந்த ஆட்டத்தோடு விடைபெறுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சியின் முன் நானும் தாத்தாவும் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. சேத்ரி கண் கலங்கி மைதானத்தைச் சுற்றி வந்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

“தாத்தா, 94 கோல்! உலகத்திலேயே நாட்டுக்காக இவரைவிட அதிகமாக அடித்தவர்கள் மூன்றே பேர்தான். ரொனால்டோ, ஈரானின் அலி தாயீ, மெஸ்ஸி. நாலாவது நம்ம ஆள்!” என்றேன்.

தாத்தா வெற்றிலையை மடித்தபடி நிதானமாகக் கேட்டார்: “சரிலே. இன்னைக்கு நமக்கு கோல் விழலையே, அதைக் காத்தவன் யாரு?”

“குர்பிரீத் சிங் சந்து.”

“அவன் கணக்கு எத்தனை?”

என்னிடம் பதில் இல்லை. சேத்ரி எந்த ஆண்டில், எந்த ஊரில், யாருக்கு எதிராகக் கோல் அடித்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய எனக்கு, குர்பிரீத்தைப் பற்றி ஓர் எண்கூடத் தெரியவில்லை. அந்த இரவு தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சேத்ரிக்கு உரியதைச் சேத்ரிக்குக் கொடுத்துவிடுவோம். 2005-ஆம் ஆண்டு குவெட்டா நகரில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர் அவர். 2008-இல் தில்லி அம்பேத்கர் அரங்கில் தஜிகிஸ்தானுக்கு எதிரான ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். அந்த வெற்றிதான் இந்தியாவை 2011 ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்றது. விடைபெற்ற பிறகும் 2025 மார்ச்சில் திரும்பி வந்து, ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். கணக்கு 95 ஆயிற்று. இருபது ஆண்டு உழைப்பு அது. இதில் குறை காண யாருக்கும் வாய் வராது.

ஆனால் இந்தப் பட்டியல் எங்கிருந்து தொடங்குகிறது? சுதந்திர இந்தியா 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடியது. நம் ஆட்டக்காரர்களில் பலர் காலணி இல்லாமலே ஆடினார்கள். அணித்தலைவர் நாகர் இனத்தைச் சேர்ந்த டாக்டர் தலிமெரென் ஆவ். அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகள் வீணாயின. 2-1 என்று தோற்றோம். ராமன் பெயரை நம் வகுப்பில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல் அவருடையது. அவருடைய கணக்கில் நிற்கும் அந்த ஒன்று, 95-க்கு வழி திறந்த ஒன்று.

அடுத்து 1956, மெல்போர்ன். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். அதில் நெவில் டிசௌசா அடித்தவை மூன்று. ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசிய வீரர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதல் முறை. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

தேடத் தேட எனக்கு ஒரு வியப்பு. கோல் கணக்கே எல்லா ஏட்டிலும் ஒன்றுபோல இல்லை! பாய்ச்சுங் பூட்டியா 2009 நேரு கோப்பையின்போது தம் நூறாவது ஆட்டத்தை ஆடினார் என்று நாடே கொண்டாடியது. ஆனால் இரு நாட்டு முழு அணிகள் மோதிய ஆட்டங்களை மட்டும் எண்ணுகிறவர்கள் நூறுக்குக் குறைவாகவே போடுகிறார்கள். கிளப் அணியோடு ஆடியது, இளையோர் அணியோடு ஆடியது ஆகியவற்றைச் சேர்ப்பதா, விடுவதா என்பதில்தான் வித்தியாசம். ஐ.எம். விஜயனுக்கும் இதே கதை. ஒரு பட்டியலில் உள்ள எண் இன்னொன்றில் இல்லை. எண்ணுகிறவர் என்ன விதி வைத்துக்கொண்டு எண்ணினார் என்று கேட்காமல் எண்ணை நம்பாதீர்கள் என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் கல்வெட்டுப் பாடத்தில் சொன்னது, பந்துக்கும் பொருந்துகிறது.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். “அடிச்சவன் கணக்கே இப்படிக் கெடக்கு. தடுத்தவன் கணக்கைக் கேக்கவா வேணும்?” என்று சிரித்தார். பிறகு அவரே, “ஜகார்த்தாவைப் பத்திப் படிச்சியா?” என்று கேட்டார்.

படித்தேன். 1962-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி. கால்பந்து இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ஆம் நாள், தென்கொரியாவுக்கு எதிராக. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அதே கொரியாவிடம் 2-0 என்று தோற்றிருந்தோம். இஸ்ரேலையும் தைவானையும் ஒதுக்கியதை நம் நாட்டவரான சோந்தி கண்டித்ததால், ஜகார்த்தா மக்கள் இந்தியர்கள் மீது கொதித்துப் போயிருந்தார்கள். அரங்கம் முழுதும் நமக்கு எதிரான கூச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1 என்று தங்கம் நமக்கு.

ஜர்னைல் சிங் உண்மையில் தற்காப்பு ஆட்டக்காரர். முந்தைய ஆட்டம் ஒன்றில் தலை உடைந்து தையல் போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் ரஹீம் சாகிப் அவரை முன்வரிசையில் நிறுத்தினார். தையல் போட்ட அந்தத் தலையோடு அரை இறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார் அந்த மனிதர். பட்டியலில் இன்று அது வெறும் எண். தையலுக்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

அன்று கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். தாத்தா இந்தப் பெயரைச் சொல்லும்போது ஒரு முறை நிமிர்ந்து உட்காருவார். ஹைதராபாத்தில் பிறந்தவர் தங்கராஜ். முதலில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்து, பின்பு கோல்கீப்பர் ஆனவர். இராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அணிக்கு ஆடினார். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியக் குழுவில் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பாராட்டப்பட்டார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். இவ்வளவும் கிடைக்கிறது. ஆனால் அந்தச் செப்டம்பர் மாலையில், அத்தனை பெரிய கூட்டம் கூச்சலிட்டபோது, அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார்? அந்த எண்ணை நான் பார்த்த எந்தப் பட்டியலும் சொல்லவில்லை. உள்ளே போன ஒரு கோலை மட்டும் எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது தாத்தாவுக்குப் பத்தொன்பது வயது. டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, ‘தங்கராஜ்’ என்ற பெயர் காதில் விழுந்ததாம். “நம்ம பேருலே! அன்னைக்கு சாயங்காலம் கரையில யாரு கோலியா நிக்கதுன்னு ஒரே அடிதடி. அதுவரைக்கும் ஓடத் தெரியாதவனைத்தான் கோலுல நிறுத்துவாங்க” என்றார்.

அவர் கதையைக் கேட்டபின், அவர் குளித்த முத்தைப் பற்றியும் தேடிப் பார்க்கத் தோன்றியது. கொற்கைக் காலம் தொட்டு முத்தால் பேர் பெற்ற கரை நம்முடையது. சுதந்திரத்துக்குப் பின் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. 1961 தான் கடைசி. தோலாயிரம் பார் போன்ற முத்துப்பார்களை அதிகாரிகள் முன்கூட்டியே சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்து நாள் குறிப்பார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குகிறவனுக்குக் கடலடியில் கிடைப்பது ஒரு நிமிடமோ, சற்றுக் கூடுதலோதான். கரைக்கு வந்த சிப்பியை எண்ணிக் குவித்து, மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்று பிரிப்பார்கள். பிறகு ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும்.

மீன்வள அறிக்கைகளில் இந்தக் கணக்குகள் இருக்கின்றன. எத்தனை சிப்பி, எவ்வளவு வருமானம் என்று ஆண்டுவாரியாக. நகல் எடுத்துப்போய்த் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். 1961 என்றதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என் பேரு இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லை தாத்தா.”

“யாரு பேராவது?”

“குளித்தவர்கள் பேர் எதுவும் இல்லை.”

அவர் கொஞ்ச நேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “என் கயிறு பிடிச்சவன் ஒருத்தன் இருந்தான். நான் அசைச்சதும் தூக்குவான். ஒரு தடவைகூடப் பிந்தினதில்லை. அதனாலதான் உன் அம்மா பொறந்தா, நீ பொறந்த” என்றார். அதற்குப் பிறகு அன்று எங்களுக்குள் சண்டை இல்லை.

நண்பர்களே, இதை எழுத வைத்தது தாத்தா மட்டுமில்லை. நம் கல்லூரியும்தான். சில ஆண்டுகளுக்கு முன் இங்கே படித்து முடித்த அண்ணன் ஒருவர் சென்ற பருவத்தில் வந்திருந்தார். உப்பளத்தில் விடியும்முன் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்தவர். மூன்று ஆண்டுகள் நம் அணியின் கோல்கீப்பர். ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடத் தாம் ஆடிய போட்டிகளின் விவரம் வேண்டும் என்றார். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். “வெற்றி 1-0” என்று இருந்தது. கோல் அடித்தவர் பெயர்கூட இருந்தது. அந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில் பெனால்டியைப் பாய்ந்து பிடித்து அந்த 1-0-ஐக் காப்பாற்றியவரின் பெயர் எங்கும் இல்லை. “பரவாயில்லை தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன அந்தப் ‘பரவாயில்லை’ இன்னும் என் காதில் இருக்கிறது.

யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உலகமே கோலைத்தான் எண்ணுகிறது; நாமும் அப்படியே எண்ணினோம். ஆனால் நம் பக்கத்துக் கரைகளிலிருந்தும் நாட்டு அணிக்குப் போகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. குமரி மாவட்டத்து மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்தியாவுக்காக ஆடினார். கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் நம் நாட்டுப் பெண்கள் அணிக்குப் போனார். அவர்களும் முதலில் ஏதோ ஒரு பள்ளி அணியில், ஏதோ ஒரு மண் மைதானத்தில் ஆடியவர்கள்தாமே! அந்த முதல் ஏட்டை எழுத வேண்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லவா?

ஆகவே நானும் என் வகுப்பு நண்பனும் நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கினோம். உடற்கல்வி இயக்குநர் ஐயா மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். ஆடிய பதினொருவர் பெயர், மாற்றாக வந்தவர் பெயர், கோல் அடித்தவர், பந்து கொடுத்தவர், கோல்கீப்பர் தடுத்த பந்துகள், காயம் பட்டவர். கடைசியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறோம், எண்ணில் அடங்காதது ஏதாவது நடந்தால் எழுதுவதற்கு. இதுவரை ஆறு ஆட்டங்கள் எழுதியாயிற்று. தடுத்த பந்துகளை எண்ணுவது அவ்வளவு எளிதன்று. கண் இமைத்தால் ஒன்று போய்விடும். நாங்கள் படித்து முடித்துப் போனபின் இந்த நோட்டை வாங்கிக்கொள்ள முதலாமாண்டு மாணவர் யாராவது முன்வந்தால் நன்றியுடையோம்.

நோட்டைத் தாத்தாவிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நேரமாயிற்று. முடித்துவிட்டு, “நான் மொத்தம் நாலு பெனால்டி பிடிச்சிருக்கேன்லே. அஞ்சாவதைச் சொன்னா நீ நம்பமாட்ட, அதனால நாலுன்னே எழுதிக்க” என்றார்.

ஐந்து என்றே எழுதிக்கொண்டேன்.