டேங்கர் லாரியின் முதுகில் நான்கு இலக்கம்

போன பதிவில் பழைய ஆண்டுவிழா போட்டோ போட்டதற்கு அத்தனை பேர் வந்து பேர் சொல்லிப் போனீர்கள், மகிழ்ச்சி. இந்த வாரம் போட்டோ இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். முக்கியமாக, நம் பள்ளியில் படித்துக் காவல்துறைக்குப் போன பிள்ளைகள் படிக்க வேண்டும். என் கணக்குக்கு ஒன்பது பேர் இருக்கிறீர்கள். விட்டுப்போனவர்கள் கோபிக்காமல் கமெண்டில் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலையில் கேஸ் டேங்கர், ஆசிட் டேங்கர் போகும்போது அதன் பின்னாலும் இரண்டு பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதில் பெரிதாக நான்கு இலக்க எண். 1075 என்றால் சமையல் எரிவாயு. 1203 பெட்ரோல், 1202 டீசல், 1017 குளோரின், 1005 அமோனியா, 1830 கந்தக அமிலம். உலகம் முழுக்க இதே எண்தான், ஐ.நா. எண் என்று பெயர். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இந்தப் பலகை கட்டாயம். பொருளின் பெயர், அனுப்பியவர் போன் நம்பர், அவசர உதவிக்கான நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. என் தம்பி இருபது வருஷத்துக்கு மேல் டேங்கர் ஓட்டினவன். உறவுக்காரர்களுக்குத் தெரியும், எந்தக் கல்யாணத்துக்கும் தாலி கட்டி முடிந்தபிறகுதான் வந்து சேருவான். அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரி ஓட்ட, சாதாரண ஹெவி லைசென்ஸ் போதாது. மூன்று நாள் தனிப் பயிற்சிக்குப் போய் லைசென்சில் பதிந்துவர வேண்டும். கேபினில் ஒரு அட்டை வைத்திருப்பான். உள்ளே இருக்கும் சரக்கு என்ன, கசிந்தால் என்ன செய்வது, உடம்பில் பட்டால் என்ன செய்வது எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். லீவில் வீட்டுக்கு வந்தால் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போவேன். அமிலம், காரம் பாடம் நடத்த அதைவிட நல்ல உபகரணம் கிடையாது.

அந்தப் பலகையில் சாய்சதுரமாக ஒரு படமும் இருக்கும். சிவப்பு என்றால் எரியும். வெள்ளையில் மண்டையோடு என்றால் விஷம். மஞ்சள் என்றால், அது தானாக எரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும். நீலம் என்றால் தண்ணீர் பட்டால் ஆபத்து. இந்த நீலத்தைப் பார்க்காமல் குடத்தோடு ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கறுப்பு, நடுவில் அரித்துப்போன ஒரு கை: அது அமில வகை. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று போட்ட படம். பல லாரிகளில் எண்ணும் எழுத்துமாக ஒரு சிறு குறியீடும் இருக்கும். அதில் முதலில் வரும் 1 முதல் 4 வரையான எண் தீயணைப்பு வீரருக்கு: தண்ணீரைப் பீய்ச்சுவதா, பனிபோலத் தூவுவதா, நுரையா, தண்ணீரே கூடாதா என்று. கடைசியில் E என்று ஓர் எழுத்து இருந்தால் அது போலீஸ்காரருக்கு: சுற்றியுள்ள ஜனங்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசி என்று அர்த்தம்.

ஏன் போலீஸ்காரர் என்று அழுத்திச் சொல்கிறேன்? லாரி கவிழ்ந்தால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். தீயணைப்பு வண்டி ஸ்டேஷனிலிருந்து கிளம்பி வரவேண்டும். ரோந்துக்காரர் ஏற்கெனவே ரோட்டில்தான் இருக்கிறார். முகமூடி கிடையாது, ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது, கையில் ஒரு லத்தியும் வாக்கிடாக்கியும். அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோவார்களாம். விஷவாயு இருந்தால் குருவி முதலில் சாயும், ஆட்கள் ஓடித் தப்பிப்பார்கள். அமெரிக்காவில் போலீஸ்காரர்களை ‘நீலக் கேனரி’ என்று கசப்பாகச் சொல்வது உண்டு, சீருடை நீலம் என்பதால். நம் பிள்ளைகள் காக்கிக் குருவிகள். எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை, ஆனால் விஷயம் உண்மை.

2024 டிசம்பர் 20, அதிகாலை. ஜெய்ப்பூர் பக்கம் அஜ்மீர் நெடுஞ்சாலையில் எரிவாயு டேங்கர் ஒன்று திரும்பும்போது எதிரே வந்த லாரி மோதியது. வாயு கொட்டியது, தீப்பற்றியது. சுற்றி நின்ற பஸ், கார், லாரி எல்லாம் எரிந்தன. பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். சரியாகப் பதினான்கு நாள் கழித்து, 2025 ஜனவரி 3 அதிகாலை, நம் கோயமுத்தூர் அவினாசி ரோடு மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவோடு வந்த டேங்கர் கழன்று கவிழ்ந்தது. அதிலும் கசிவு. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஜெய்ப்பூரில் மோதிய கையோடு தீ வந்துவிட்டது, கோவையில் அவகாசம் கிடைத்தது, அதனால் இரண்டையும் சமமாக வைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் கிடைத்த அவகாசத்தை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ரோட்டை இரண்டு பக்கமும் மறித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் விடாமல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அரை கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கிரேன் வைத்து நிமிர்த்தி எடுக்கும்வரை ஊரே பொறுத்திருந்தது. டிவியில் பார்த்தவர்கள் ‘டிராபிக் ஜாம்’ என்று திட்டினார்கள். அந்த ஜாமைப் பண்ணினவர்களுக்குத்தான் நான் கும்பிடு போட்டேன்.

எரிவாயு காற்றைவிடக் கனம். மேலே பறந்து போகாது. தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும், சாக்கடைக்குள் இறங்கும், தாழ்வான வீட்டுக்குள் புகும். திரவமாக இருக்கும்போது ஒரு குடம் என்றால், வாயுவானால் சுமார் இருநூற்றைம்பது குடம். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். தீக்குச்சிதான் வேண்டுமென்று இல்லை. ஜீப்பை ஸ்டார்ட் பண்ணும் பொறி போதும், லைட் சுவிட்ச் போதும். கண்ணூர் பக்கம் சாலாவில் 2012 ஆகஸ்டில், ஓணத்துக்கு முன்னால், டேங்கர் கவிழ்ந்து வாயு வீடுகளுக்கிடையே பரவிப் பற்றியது. 20 பேர் போனார்கள். பலரும் ரோட்டில் நின்றவர்கள் இல்லை, தங்கள் வீட்டில் இருந்தவர்கள்.

ஆகவே போலீஸ் பிள்ளைகளே, தூரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ரோந்து வண்டியிலேயே ஆரஞ்சு அட்டை போட்ட ஒரு கையேடு இருக்கும். எண்ணைத் தேடினால் எத்தனை மீட்டர் விலக வேண்டும் என்று சொல்லும். என்ன பொருள் என்றே தெரியாவிட்டால், எடுத்த எடுப்பில் எல்லாப் பக்கமும் 100 மீட்டர். எரிவாயு டேங்கரைத் தீ சூழ்ந்துவிட்டால் 1600 மீட்டர். ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல்! நாம் எவ்வளவு தூரத்தில் நின்று செல்போனில் வீடியோ எடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மீட்டர் கணக்குத் தெரியாவிட்டால் ஓர் எளிய வழி: கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்து. லாரி விரலுக்குப் பின்னால் முழுசாக மறைய வேண்டும். மறையவில்லையா, இன்னும் பின்னால் போ. எண்ணைப் படிக்கக் கிட்டப் போகாதே, செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் படி. காற்று உன் முதுகில் பட்டு லாரிப் பக்கம் போகிறமாதிரி நில். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணைத் தூவினால் திசை தெரியும். பிறகு 101, 112. வீட்டு கேஸ் கசிவுக்கு 1906.

மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். எரிவாயுவுக்குச் சொந்த வாசனை இல்லை, நாம் கண்டுபிடிக்கட்டும் என்று நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். கழிவுநீர்த் தொட்டி வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். ‘இப்போ நாத்தம் இல்லை’ என்று இறங்குவார்கள். ஒருவர் விழ, தூக்க இறங்கியவரும் விழ, அவரைத் தூக்க இன்னொருவர். பேப்பரில் ஆண்டுதோறும் படிக்கிறோம்.

இனி இதை எழுதவைத்த விஷயம். நம் மாணவன் ஒருவன், போலீஸ்காரன், பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். நாலு வருஷம் முன்பு ராத்திரி ரோந்தில், குடிதண்ணீருக்கு மருந்து கலக்கும் ஒரு பம்ப் ஹவுசில் குளோரின் சிலிண்டர் கசிந்தது. உள்ளே வயசான வாட்ச்மேன். இவன் கர்ச்சீப்பை நனைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி அவரைத் தூக்கிவந்துவிட்டான். குளோரினும் கனமான வாயு, தரையோடு தவழும். குனிந்து தூக்கியவன் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டான். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் பள்ளியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் யாரும் பிடிக்க முடியாத பிள்ளை, பொங்கலுக்கு வந்தபோது என் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஒரு நிமிஷங்க டீச்சர்” என்றான். அவன் மனைவி என்னைப் பார்க்கவேயில்லை, கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காபி குடிக்கும்போது கேட்டேன், “மறுபடி அப்படி ஆனா என்ன பண்ணுவே கண்ணு?”

“மறுபடியும் போவேனுங்க டீச்சர். அவரு கூப்பிட்டாருங்க, காதுல கேட்டுது.”

வெளியே நிற்க வேண்டும், மறிக்க வேண்டும், தகவல் சொல்ல வேண்டும், முகமூடியோடு வருபவர் வரும்வரை உள்ளே போகக் கூடாது என்பதுதான் பாடம். நீ விழுந்தால் தூக்க வேண்டியவர் இரண்டு பேராகிவிடுவார்கள். இதை அவனிடம் முழுதாகச் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் அந்த வாட்ச்மேன் இன்றும் உயிரோடு இருக்கிறார், தீபாவளிக்கு இவனுக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவரை வைத்துக்கொண்டு ‘நீ செய்தது தப்பு’ என்று என் வாயால் சொல்ல வரவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை. அப்படிப்பட்ட இடங்களுக்கு முன்னால் ரோந்து அனுப்பும்போது ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே என்பதுதான். லாரி ஓட்டுகிறவனுக்கு மூன்று நாள் பயிற்சி. அந்த லாரி கவிழ்ந்தால் முதலில் வருகிறவனுக்கும் அந்த மூன்று நாளைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

இப்போது அவனுடைய மகன் காவலர் தேர்வில் பாஸாகிப் பயிற்சிக்குக் கிளம்புகிறான். அவன் அம்மா வேண்டாம் என்று அழுதது, அப்புறம் அதுவே பெட்டியும் கட்டியது. பையனை ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரச்சொல்லி, தம்பியையும் உட்காரவைத்து, எண்களையும் படங்களையும் சொல்லிக்கொடுத்தோம். தம்பி வாத்தியார் வேலையில் என்னைவிடக் கண்டிப்பு. தப்பாகச் சொன்னால் பத்து முறை எழுதச் சொல்கிறான்.

நேற்று பையன் சேலம் ரோட்டில் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு டேங்கர் போட்டோ அனுப்பியிருந்தான். பலகையில் பாதி சேறு அப்பி, கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான் தெரிந்தது. ‘இப்படி இருந்தா என்ன பண்றதுங்க டீச்சர்?’ என்று கேட்டிருந்தான். தெரியாத பொருளுக்கு 100 மீட்டர் என்று பதில் போட்டேன். லாரி வைத்திருக்கும், ஓட்டும் நம் பிள்ளைகள் நாளைக் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்து அந்தப் பலகையை மட்டுமாவது துடைத்துவிடுங்கள்.