பச்சைக் கல்லும் கருங்கல்லும்

காங்கேயம் வட்டாரத்திலிருந்து மும்பைக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்குப் பச்சைக் கல் என்றால் தனி ஆசை உண்டு. அது வீணாசையன்று. அங்குள்ள படியூரில் பெரில் என்னும் மணிக்கல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியெடுக்கப்பட்டது. நொய்யற் கரைக் கொடுமணலை அகழ்ந்தபோது பண்டைய மணிப் பட்டறைகளே வெளிப்பட்டன. மரகதமும் பெரில் இனத்ததே.

ஆதலால், திலக் நகரில் பழைய கட்டடமொன்றை இடித்து அடித்தளம் தோண்டிய இடத்திலிருந்து அண்டை வீட்டுச் சிறுவன் பச்சைத் திட்டுகள் நிறைந்த கருங்கல்லைக் கொணர்ந்தபோது, அவன் தாயார் அதனைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்ததில் வியப்பில்லை. மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. தரகர் ஒருவர் சோதித்துத் தருவதாகக் கூறி இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டாராம். அதன் பின்னரே அம்மையார் கல்லை நம்மிடம் காட்டினார்.

நாம் பச்சையைப் பார்க்குமுன் அதனைத் தாங்கிய கல்லைப் பார்த்தோம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு இறுகியதே இக்கருங்கல். குழம்பில் எழுந்த குமிழிகள் குழிகளாக நின்றன. பின்னர் ஊறிய நீர் அவற்றில் கனிமங்களைப் படியவைத்தது. மரகதத்துக்கு வேண்டிய பெரிலியம் இக்கல்லில் மிக அரிது. நகத்தால் கீறினோம், பச்சைப் பொடி உதிர்ந்தது. மரகதத்தை எஃகுக் கத்தியும் கீறாது. இது செலடோனைட் என்னும் இரும்புச் சத்துள்ள மென்கனிமம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. முன்பணமேனும் தப்பிற்று.

விலையில்லாததாயினும் இது இழிந்த பொருளன்று. அஜந்தாக் குகைகள் குடையப்பட்டதும் இதே தக்காணக் கருங்கல்லில்தான். அங்குள்ள ஓவியர் பச்சை வண்ணத்துக்குக் கையாண்டதும் இவ்வினத்துப் பச்சை மண்ணே. இதனைக் கேட்டபின் சிறுவன் கல்லைத் தன் புத்தக அலமாரியில் வைத்துக்கொண்டான்.

எல்லாப் பச்சையும் நகத்துக்குப் பணிவதில்லை. காந்திவலிக் கல்குவாரியில் முன்பு கிடைத்த பிரேனைட் கண்ணாடியையே கீறும். ஆகவே கண்ணாடியைக் கீறுவது மரகதமென்பதற்குச் சான்றாகாது. புணே பாஷாணில் கிடைத்த பச்சை அபோபிலைட் முத்தொளியுடன் ஏடேடாகப் பிளக்கும். சேகரிப்போர் அதனை விலை கொடுத்தும் வாங்குவர். ஐயமிருப்பின் கல்லூரியொன்றின் நிலவியல் துறையில் காட்டலாம். பச்சையை மட்டும் பெயர்த்தெடுத்துச் செல்லாமல், ஒட்டியிருக்கும் கருங்கல்லோடு முழுதாகவே கொண்டு செல்க. பாதி விடை அதில்தான் இருக்கிறது.