புதருக்குள் ஒரு காடு

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று "இந்தப் பக்கம் காடு எங்கே?" என்று கேட்டால், பலரும் சவுக்குத் தோப்பைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் முந்திரிக் கொல்லையைக் காட்டுவார்கள். இரண்டுமே வெளியிலிருந்து வந்து இங்கே நிலைத்தவை. இந்தக் கரைக்கே உரிய காடு வேறு. அது ஓங்கி வளராது. பத்து மீட்டரைத் தாண்டிய மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இலைகள் சிறியவை, தடித்தவை. மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் பச்சை மாறாது. தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். வீரை, காசான், உலக்கைப்பாலை, கருங்காலி ஆகியவை இதன் மரங்கள். அவற்றின் காலடியிலும் ஓரங்களிலும் காரை, சூரை, களா, சங்கஞ்செடி, ஆதண்டை, மிளகரணை என்று முள்ளும் கொடியும் பின்னிக்கிடக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் வன்னிக் காட்டிலும் வீரையும் பாலையும் உண்டு. அங்கே பாலைப்பழம் தின்று வளர்ந்தவர்கள் எங்கள் குழுவின் செடி அறிமுக நடைக்கு வந்தால், நாங்கள் சொல்லும் முன்பே மரத்தின் பேரைச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. அதிலும் பெரும்பகுதி சாமிக்குப் பயந்து விட்டுவைத்தது. புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அப்படிப் பிழைத்ததுதான். புதிதாக வருகிறவர்களை நாங்கள் முதலில் அங்கேதான் அழைத்துப்போகிறோம். முழுமையாக வளர்ந்த வீரை மரத்தை ஒரு தடவை பார்த்தவருக்குத்தான், தன் ஊர் ஏரிக்கரையில் இடுப்பளவு நிற்கும் வீரைச் செடி என்னவாகப் போகிறது என்று தெரியும்.

நாட்டு மரம் நட வேண்டும் என்று சொன்னால் இன்று யாரும் மறுப்பதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட பிறகு அந்த எண்ணம் இன்னும் பரவியது. குல்மோகரும் தூங்குமூஞ்சியும் சாலைக்குச் சாலை விழுந்துகிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். (வேரைச் சுற்றி சிமென்ட் பூசி, கால்வாய்க்காக ஒரு பக்க வேரை வெட்டியிருந்தால் புங்கமும் வேம்பும்கூட விழத்தான் செய்யும். அதையும் சேர்த்தே சொல்கிறோம்.) நாட்டு மரம் நட ஆள் கிடைக்கிறது. நாட்டுப் புதரை வெட்டாமல் விட்டுவைக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. "முள்ளுக்காடு", "பாம்பு வரும்", "சுத்தம் பண்ணணும்" என்ற மூன்று பேச்சில் ஓர் ஏரிக்கரையே மொட்டையாகிவிடுகிறது. எங்கள் குழுவின் நடைகளும் கூட்டங்களும் பெரும்பாலும் இந்தப் பேச்சை எதிர்கொள்ளத்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன் நடக்கிறோம். ஆசிரியர், செவிலியர், மெக்கானிக், கல்லூரிப் பிள்ளைகள், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாத்தா என்று எல்லோரும் இருப்பார்கள். தூரம் அதிகம் போவதில்லை. ஒரு காலையில் ஆறேழு செடிக்கு மேல் அறிமுகம் செய்வதுமில்லை. நூறு செடியின் பெயரை அடுக்கிச் சொன்னால் வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் மறந்துவிடும். ஒரே செடியின் முன் கால்மணி நேரம் நின்றால் அது மறக்காது.

உதாரணத்துக்குச் சங்கஞ்செடி. பேரை நான் முதலில் சொல்வதில்லை. "ஒரு கணுவில் எத்தனை முள் இருக்கிறது, எண்ணுங்கள்" என்று பிள்ளைகளிடம் விடுவேன். விரலைக் குத்திக்கொண்டாவது நான்கு என்று எண்ணிச் சொல்வார்கள். அடுத்த கணுவிலும் நான்கு. பிறகு வெள்ளை வெள்ளையாக உருண்டிருக்கும் பழத்தைக் காட்டி, இதை யார் தின்பார்கள் என்று கேட்பேன். கொஞ்சம் அமைதியாக நின்றால் விடை தானாகவே வந்து உட்காரும். வெண்புருவச் சின்னான் அடர்ந்த புதரை விட்டு வெளியே தலைகாட்டாத குருவி. குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது வந்து பழத்தைக் கொத்திக்கொண்டு உள்ளே மறையும். அந்தக் குருவிக்கு மொட்டைக் கரையில் நட்ட வரிசை மரங்களால் எந்தப் பயனும் இல்லை. இதை நான் விளக்க வேண்டியதில்லை. பார்த்தவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதற்கடுத்து எல்லோரையும் குனியச் சொல்வேன். சூரை முள்ளை ஒரு கழியால் மெல்ல விலக்கினால் அடியில் நிழல், சருகு, கொஞ்சம் ஈரம். அந்த ஈரத்தில் ஒரு சாண் உயரத்தில் பளபளப்பான இலையோடு வீரைக் கன்று நிற்கும். சில இடங்களில் காட்டு எலுமிச்சை, சில இடங்களில் உலக்கைப்பாலை. பழம் தின்ற பறவை முள்செடிமேல் உட்கார்ந்து எச்சமிட, விழுந்த விதை அங்கேயே முளைத்திருக்கிறது. வெளியே முளைத்திருந்தால் ஆடு மேய்ந்திருக்கும், வெயில் கருக்கியிருக்கும். முள்ளுக்குள் ஆட்டின் வாய் நுழையாது. கன்று தலையெடுத்து மேலே வரும்வரை சூரைதான் அதற்கு வேலி, குடை எல்லாம். இந்தக் கன்றைப் பார்த்த பிறகு "முள்ளுக்காடு" என்ற பேச்சு பலருக்கு வாயில் வருவதில்லை. யாரும் தண்ணீர் ஊற்றாமல், கூண்டு வைக்காமல் காடு தன்னையே நட்டுக்கொள்ளும் முறை இது. நாம் செலவழித்து நடுவதில் எத்தனை கன்று பிழைக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிள்ளைகளுக்கு எருக்கு. வீட்டில் தொடாதே என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பது உண்மைதான். ஆகவே இலையை ஒடிக்காமல், கீழிருந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்வோம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அங்கேதான் முட்டை வைக்கும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட புழு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழையோடு இலையின் ஓரத்தைத் தின்றுகொண்டிருக்கும். அந்தப் பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதை விட்டுவிடும். பூவைப் பார்க்கச் சொன்னால் பெரிய கறுப்புத் தச்சுத்தேனீ வந்து மொய்க்கும். தெருவோரத்தில் வெட்டித்தள்ளும் ஒரு செடியில் இத்தனை உயிர்கள் குடியிருப்பதைக் கண்ட பிள்ளை, அடுத்த நாள் பள்ளியில் மற்றப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறது. எங்கள் குழு வளர்ந்தது இப்படிப்பட்ட பிள்ளைகளால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செடியை அடையாளம் காண எங்களுக்கு இரண்டு துணை. ஒன்று, திருச்சியில் ராப்பினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுத் தாவரங்கள் பற்றிய தொகுதிகள். மற்றொன்று, ஆடு மேய்ப்பவர்கள். ஒரு நடையில் கொடி ஒன்றைப் பார்த்து நாங்கள் தடுமாறி நின்றபோது, ஆட்டோடு வந்த ஓர் ஆயா, "இன்னா சாமி அத்தினி நேரம் பாக்கறீங்க? ஆதண்டங்கொடிதானே. காய வத்தல் போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்த ஊரில் நடை வைத்தாலும் அந்த ஊரில் ஆடு மேய்ப்பவர் ஒருவரை முன்கூட்டியே பார்த்து, அவரை முன்னால் நடக்கச் சொல்கிறோம். வெளியூரிலிருந்து வந்து ஊர்க்காரருக்கே செடி சொல்லிக்கொடுக்கும் கூட்டமாக நாங்கள் இருக்கக் கூடாது. ஆயா பேசும்போது அவர் பேரனும் நின்று கேட்கிறான். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

காசானைக் காட்டும்போது நெசவாளர் குடும்பத்தவர் யாராவது இருந்தால் பேச்சு நீளும். கோடையில் கிளையை ஒட்டி நீலநீலமாகப் பூத்து நிற்கும் அழகு மரம் இது. இதன் இலையில் அலுமினியம் சேர்ந்திருக்கிறது. சாயத்தைத் துணியில் பற்றவைக்கப் படிகாரம் செய்யும் வேலையை இந்த இலை செய்யும். கடற்கரை மணலில் படரும் சாயவேரோடு காசான் இலையையும் சேர்த்துத்தான் இந்தக் கரையின் சாயக்காரர்கள் துணிக்குச் சிவப்பேற்றினார்கள். கப்பலேறி உலகமெங்கும் போன சோழமண்டலக் கரைத் துணியின் நிறம், இன்று ரியல் எஸ்டேட்காரர் புல்டோசர் விடும் மணல்மேட்டுச் செடியிலிருந்து வந்தது. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் மனம் பொங்கும்.

விழா என்று வரும்போது எங்களுக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். ஊரெல்லாம் அன்றைக்குத்தான் கன்று நடுவார்கள். கத்திரி முடிந்த கையோடு, காய்ந்த மண்ணில், இந்தக் கரையில் கன்று நடுவது அதைக் கொல்வதற்குச் சமம். எங்கள் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. ஆகவே ஜூனில் நாங்கள் விதை பொறுக்குகிறோம். அது விதைக்கு ஏற்ற காலம். ஆனியில் இலுப்பையும் நாவலும் உதிரும். இரண்டின் விதையையும் சேமித்துவைக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும். பொறுக்கிய வாரத்திலேயே பையில் ஊன்றிவிட வேண்டும். நாவல் கொட்டை ஒன்றில் இரண்டு மூன்று முளை சேர்ந்து வருவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொன்றை இதற்கு நேர்மாறு. தோல் அவ்வளவு கெட்டி. கல்லில் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ போட்டால்தான் முளைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லா விதையையும் களிமண்ணில் உருட்டிக் காயவைத்து வீசும் விதைப்பந்து விழாக்களில் எனக்கு உடன்பாடு இல்லை. இலுப்பையை அப்படி உருட்டினால் உருட்டிய இடத்திலேயே அது செத்துவிடும்.

கன்று கொடுப்பது புரட்டாசிக் கடைசியில். கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவதில்லை. இடம் எவ்வளவு, மேலே மின்கம்பி போகிறதா, ஆடு மாடு வருமா என்று உட்கார்ந்து பேசுவோம். சின்ன வீட்டு முற்றத்துக்குக் காசானோ காட்டு எலுமிச்சையோ போதும். காட்டு எலுமிச்சை வைத்தால் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி தேடிவரும். கொல்லைக்கு வேலி வேண்டும் என்பவருக்குக் கம்பிக்குப் பதிலாகக் கிளுவைப் போத்து, களாக் கன்று. உலக்கைப்பாலை கேட்டு வருபவர் அரிது. அது ஆமை வேகத்தில் வளரும். நாற்றங்கால் வியாபாரிகள் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். நாங்கள் அதை வம்படியாகக் கொடுக்கிறோம். பேரனுக்குப் பழம் கிடைக்கும் என்று சொன்னால் தாத்தாமார்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

அயல் மரம் என்றாலே பகை என்று நாங்கள் நினைப்பதில்லை. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு அரித்துப் பள்ளமாகிக் கிடந்தது. அங்கே முதலில் ஆஸ்திரேலிய அக்கேசியாவை வளர்த்து மண்ணைப் பிடித்துவைத்து, அதன் நிழலில்தான் பின்னர் இந்தக் கரையின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் சீமைக்கருவேலம் ஏறிய ஏரிக்கரையில் விட்டுக்கொடுத்துப் பேச ஒன்றுமில்லை. அதைத் தூரோடு எடுத்தாக வேண்டும். அடியை விட்டு வெட்டினால் மறுபடி தழைத்துவிடும்.

போன ஆண்டு ஓர் ஊரில் ஏரிக்கரையைச் சுத்தம் செய்ய நூறு நாள் வேலைக்காரர்கள் இறங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், முந்தைய ஞாயிறு நடையை அந்தக் கரையிலேயே வைத்தோம். வேலைக்கு வரவிருந்த பெண்களையே கூப்பிட்டோம். கையில் சிவப்புத் துணிக் கிழிசல்கள். எதை விட்டுவைக்க வேண்டுமோ அதில் துணியைக் கட்டுங்கள் என்று அவர்களிடமே கொடுத்துவிட்டோம். காரை, களா, வெள்ளைப்பூலா, நுணா என்று பேர் சொல்லிச் சொல்லிக் கட்டினார்கள். தின்கிற பழமாக இருந்தால் துணி உடனே ஏறியது. சூரைக்குத்தான் சண்டை. பாதையோரச் சூரை சேலையைக் கிழிக்கிறது என்றார்கள். நியாயம்தான். நடக்கும் பக்கம் மட்டும் கழித்துவிட்டு, நீர்ப்பக்கம் விட்டுவிடலாம் என்று முடிவானது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது சீமைக்கருவேலம் போயிருந்தது. துணி கட்டியவை ஏறக்குறைய எல்லாம் நின்றன. துணி கட்டாத இரண்டு ஆதண்டைக் கொடிகளையும் யாரோ விட்டுவைத்திருந்தார்கள்.

இந்த ஐப்பசியில் அந்தக் கரையில் நாங்கள் கன்று எதுவும் நடப்போவதில்லை. சீமைக்கருவேலத்தைத் தோண்டிய குழிகளில் மழைக்குப் பிறகு தானாக என்ன முளைக்கிறது என்று பார்த்து, குழிவாரியாக எழுதிவைக்கும் பொறுப்பை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்த்திகை நடையில் அவர்கள் முன்னால் போவார்கள், நாங்கள் பின்னால் போவோம்.