தட்டு இல்லாத கணிப்பொறி

எங்கள் பள்ளங்கியில் பூண்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். கணிப்பொறியைப் பற்றிக் கேட்கத்தான் ஆளில்லை. ஆகவே சென்ற விடுமுறையில் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். விடுதி நண்பர்கள் யாருக்கேனும் பயன்படலாம்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது என் அக்காவுக்குக் கிடைத்தது அது. அக்கா மேலே படிக்கவில்லை. கணிப்பொறி என்னிடம் வந்தது. ஒருநாள் விண்டோஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் கேட்ட தொகை, அப்பாவின் மூன்று நாள் கூலி. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்றார். அக்காவோ, "என் ஃபைலையெல்லாம் அழிச்சிடாதடா தம்பி" என்றாள்.

குறுந்தகடு செருகும் வாயே அதில் கிடையாது. பென் டிரைவ்தான் கதி. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. இயங்குதளக் கோப்பைச் சினிமாப் பாட்டைப் போல் நகலெடுத்துப் போட்டால் கணிப்பொறி அதிலிருந்து எழுந்திருக்காது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிக்கும் நிரல், அடுத்து எதை ஏற்றுவது என்று தேடுகிறது. உரிய இடத்தில், உரிய அமைப்பில் இருந்தால்தான் அதன் கண்ணில் படும். ரூஃபஸ் போன்ற மென்பொருள் அப்படி எழுதித் தரும். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும். கொடைக்கானலில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் இதை முடித்துக்கொண்டு கடைசிப் பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

நான் தேர்ந்தது, சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். தமிழிலும் இயங்கும், விலையும் இல்லை. அதற்கு அடிப்படை டெபியன். 1993-ல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர். அப்போது வயது 20. என் வயதுதான்! காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து அப்படிப் பெயரிட்டார். (நமக்கு அந்த வசதியெல்லாம் ஏது?)

கணிப்பொறியைப் போட்டவுடன் எஃப் 12 விசையை அழுத்தினேன். இது கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறும். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப்பார்க்கவும் வழியுண்டு. அப்படி ஓட்டித்தான் அக்காவின் கோப்புகளைத் திறந்தேன். தட்டச்சுப் பழகிய பக்கங்கள், சான்றிதழ் நகல்கள், நடுவே ஒரு நர்சிங் கல்லூரிக்கு எழுதத் தொடங்கிப் பாதியில் நின்ற விண்ணப்பக் கடிதம். எல்லாவற்றையும் இன்னொரு பென் டிரைவுக்கு மாற்றினேன். கடிதத்தைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை.

பிறகே நிறுவல். பாட்டரி செத்த கணிப்பொறி. வெளியே காற்றும் மழையும். நடுவில் கரண்டு போனால் எல்லாம் முதலிலிருந்து. அம்மா அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அதனால் கரண்டு நிற்கும் என்பதுபோல! நின்றது. வைஃபை மட்டும் இரண்டு நாள் முரண்டு பிடித்தது.

கோப்புகளைத் திரும்பப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். அன்றிரவு வெகுநேரம் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.