இறக்கத்தில் கொஞ்சம் ஆக்சிலேட்டர்

அப்பாவிடம் ஒரு விஜய் சூப்பர் இருந்தது. இத்தாலியில் லாம்ப்ரெட்டா தயாரித்த இன்னோசென்டி ஆலையின் எந்திரங்களை, 1972-ல் தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா லக்னோவுக்கு வாங்கி வந்தது. அங்கே பிறந்த வண்டி. வெஸ்பாவுக்கு எஞ்சின் வலப்பக்கம் தொங்கும். இதற்கு நடுவில், குழாய்ச் சட்டத்துக்குள். எடை ஒருபக்கம் சாயாது.

150 சிசி, டூ ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கான ஆயில் பெட்ரோலில் கலந்துதான் போகும். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் குறையும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுற்றும், உள்ளே பிஸ்டன் காயும். அப்பா கிளட்சைப் பிடித்து, அவ்வப்போது லேசாகத் திருகி விடுவார். பெட்ரோல் வீண்ப்பா என்பேன்.

"இறக்கத்துலதான்டா அதுக்குத் தாகம் எடுக்கும்."

இன்ஜினியரிங் முடித்த வருஷம் நான் மூடியபடியே இறங்கினேன். எஞ்சின் பிடித்து, பின்சக்கரம் இறுகி இழுத்தது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். அப்பா திட்டவில்லை. மெக்கானிக் கழற்றிக் கொடுத்த பிஸ்டனின் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆனபின் அவர் பேச்சு குறைந்தது. எல்லாம் சுமுகமாத்தானே ஓடுது என்று நானும் சென்னையிலிருந்து போன் செய்வதைக் குறைத்திருந்தேன். ஒருநாள் அம்மாதான் சொன்னாள்: "நீ கூப்பிடுவேன்னு போனைப் பக்கத்துலயே வச்சிருக்காருடா."

இப்போது தினமும் ராத்திரி கூப்பிடுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, ரெண்டு நிமிஷம்.